மீன் குழம்பு காலை வாரினால்: எந்தக் கோளாறுக்கு என்ன வைத்தியம்

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மேல் எனக்குப் போன் வந்தால் பெரும்பாலும் அது மீன் குழம்பு பஞ்சாயத்துதான். எங்கள் மதினி அடுப்பை அணைக்காமலேயே பேசுவார்கள். “தம்பி, குழம்பு கசக்குதுப்பா. மீனைப் போடவா, இல்ல அப்படியே கொட்டிறவா?” பின்னால் சட்டி தளதளவென்று கொதிக்கும் சத்தம் கேட்கும். நான் ஓட்டல் மாஸ்டர் எல்லாம் கிடையாது. மேலூர்ப் பக்கம் அப்பத்தா வீட்டு விறகடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தது பாதி, மதுரைக்கு வந்து தனியாகச் சமைத்துச் சொதப்பியது பாதி. அந்தச் சொதப்பல்களைத்தான் கோளாறு வாரியாக எழுதியிருக்கிறேன், உங்கள் சட்டியில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேரே போய்விடலாம்.

நான் எந்தக் குழம்பை மனதில் வைத்துப் பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரைக் கிலோ மீன், எலுமிச்சை அளவு புளி, இரண்டு கை சின்ன வெங்காயம், பத்துப் பன்னிரண்டு பல் பூண்டு, இரண்டு நாட்டுத் தக்காளி, மில்லில் அரைத்த குழம்பு மிளகாய்த்தூள் மூன்று மேசைக்கரண்டி, அரை டீஸ்பூன் வெந்தயம், நல்லெண்ணெய் நான்கு கரண்டிக்குக் குறையாமல், கறிவேப்பிலை, கல் உப்பு. தேங்காய் உங்கள் இஷ்டம். எண்ணெயில் தாளித்து, வெங்காயமும் பூண்டும் தக்காளியும் குழைய வதக்கி, தூளைப் போட்டுப் பிரட்டி, புளிக்கரைசலை ஊற்றிப் பதினைந்து இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, கடைசியில்தான் மீன்.

எந்தக் கோளாறுக்காக வந்திருந்தாலும் இதை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்: மீனைப் போடுவதற்கு முன்னால் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பாருங்கள். உப்பு, புளிப்பு, காரம் மூன்றும் நீங்கள் சாப்பிட விரும்புவதைவிட ஒரு படி தூக்கலாக இருக்க வேண்டும், ஏனென்றால் மீன் தண்ணீர் விடும், அதோடு உப்பையும் உறிஞ்சும். இந்தக் கட்டத்தில் எதையும் திருத்தலாம், கொதிக்கவிடலாம், தண்ணீர் சேர்க்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. மீன் உள்ளே போன பிறகு உங்களுக்குக் கிடைப்பது மொத்தம் பத்து நிமிடம். போனில் வரும் பஞ்சாயத்துகளில் பாதிக்கு மேல் அந்தப் பத்து நிமிடத்துக்குள் நின்றுகொண்டு முந்தைய அரை மணி நேரத்தைத் திருத்தப் பார்க்கிற கேஸ்தான்.

கவிச்சி அடிக்கிறது

முதலில் எந்தத் தண்ணீர் மீன் என்று பாருங்கள். கடல் மீனில் வரும் நாற்றமும் கண்மாய் மீனில் வரும் நாற்றமும் ஒன்றில்லை, வைத்தியமும் ஒன்றில்லை.

கடல் நமக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ராமேஸ்வரம், மண்டபம், தூத்துக்குடி என்று எங்கிருந்து வந்தாலும் ஐஸ் பெட்டியில் படுத்துத்தான் மதுரைக்கு வரும். கடல் மீன் சதையில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்று ஒரு பொருள் இருக்கிறது, அதற்கு வாசனை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியா அதை டிரைமெத்திலமைனாக மாற்றுகிறது, நாம் கவிச்சி என்று மூக்கைப் பிடிப்பது அதைத்தான். புளிப்பு பட்டால் அது உப்பாக மாறி ஆவியாகாமல் குழம்பிலேயே அடங்கிவிடும். மீனுக்குப் புளி ஊற்றியதன் சூட்சுமம் பாதி இங்கே இருக்கிறது. அதனால் கழுவும்போதே கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, கடைசித் தண்ணீரில் கொஞ்சம் புளியைக் கரைத்து ஒரு அலசு அலசிவிட்டால் பாதி வேலை முடிந்தது. தண்ணீரிலேயே ஊறப் போட்டுவிட்டு டிவி பார்க்கப் போகாதீர்கள், சதை ஊறி ருசி இறங்கிவிடும்.

கழுவியும் அடிக்கிறதா? மூன்று இடங்களைப் பாருங்கள். வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோல், நடுமுள்ளை ஒட்டி ஓடும் ரத்தக் கோடு, தலைக்குள் விட்டுப்போன செவுள். கடைக்காரர் வெட்டிக் கொடுத்தாலும் இந்த மூன்றும் பெரும்பாலும் அப்படியேதான் வரும், உங்களுக்குப் பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். ரத்தக் கோட்டை விரல் நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும்.

மீனே பழசு என்றால் மேலே சொன்னது எதுவும் உதவாது. கண் குழிந்து வெளுத்திருந்தால், செவுள் சிவப்பு போய்ப் பழுப்பாகியிருந்தால், விரலால் அமுக்கிய குழி அப்படியே நின்றால் கூடுதல் பூண்டு போட்டு மறைக்கலாம் என்று மனக்கோட்டை கட்டாதீர்கள்.

கண்மாய், அணை மீனில் வருவது சேற்று வாசம். ஜிலேபி, கட்லா, ரோகு எல்லாவற்றிலும் வரும், கோடையில் தண்ணீர் வற்றிப் பச்சையாகிக் கிடக்கும் சமயம் இன்னும் தூக்கும். இதற்குக் காரணம் ஜியோஸ்மின், பாசியும் சில நுண்ணுயிர்களும் உண்டாக்குவது. காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் வருகிறதே, அதே வாசம்தான். மழைக்கு அது மணம், குழம்புக்கு அது நாற்றம். இது தோலிலும் வயிற்றுக் கொழுப்பிலும் பக்கவாட்டில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையிலும் சேர்ந்திருக்கும், ஆகவே பெரிய மீனாக இருந்தால் தோலை உரித்து அந்தக் கருஞ்சதையைச் சீவிவிடுங்கள். பிறகு புளித்த மோரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ கால் மணி நேரம். விரால், குரவை போன்றவை காற்றைச் சுவாசிக்கிற மீன்கள், வீட்டிலும் உயிரோடு கிடக்கும். உயிரோடு கிடைத்தால் நல்ல தண்ணீரில் ஒருநாள் இரண்டு நாள் போட்டு வைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள், சேற்று வாசம் கணிசமாகக் குறையும். மூடி போட மறக்காதீர்கள். எங்கள் வீட்டு விரால் ஒன்று நடுராத்திரியில் அண்டாவை விட்டுத் துள்ளி, பிரிட்ஜுக்கு அடியில் கிடந்து எங்கள் எல்லோரையும் எழுப்பியிருக்கிறது.

அயிரை நறநறவென்கிறது

மதுரைக்காரனுக்கு இதைவிடப் பெரிய துக்கம் கிடையாது. விலை ஆட்டுக்கறியைத் தாண்டி நிற்கும், அதைக் கொடுத்து வாங்கிவிட்டு முதல் வாயில் மணல் கடித்தால் எப்படி இருக்கும்.

அயிரை மணலுக்குள் புதைந்து வாழ்கிற மீன், விரல் நீளம்தான், வயிற்றை அறுத்துக் குடலெடுக்கிற வேலை எல்லாம் நடக்காது. அதனால் அதுவே வெளியே விட்டால்தான் உண்டு. உயிரோடு இருப்பதைத்தான் வாங்க வேண்டும். செத்த அயிரையை எவ்வளவு கழுவினாலும் உள்ளே இருக்கிற மணல் உள்ளேயேதான் இருக்கும், அதற்கு மருந்தில்லை. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றி விட்டு, அப்புறம் தண்ணீர் கலந்த பாலிலோ தேங்காய்ப் பாலிலோ விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நீந்தி நீந்தி மண்ணைக் கக்கிவிடும் என்பார்கள். அரை மணி நேரம் கழித்துப் பாத்திரத்தின் அடியைத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டினால் இன்னொரு முறை.

அடுத்தது உரசுவது. உள்பக்கம் சொரசொரப்பான மண்சட்டியில் ஒரு கை கல் உப்போடு போட்டு, மூடியபடி குலுக்கி, பிறகு உள்ளங்கையால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். வழவழப்பு நுரையாகப் பொங்கி வரும். தண்ணீர் தெளிவாக வருகிறவரை அலசுங்கள். அப்பத்தா இதை முடிப்பதற்குள் நாலு ஊர்க் கதை பேசி முடிப்பார், நாம் இரண்டு நிமிடத்தில் போதும் என்று எழுந்துவிடுகிறோம். வழவழப்பு மிச்சமிருந்தால் குழம்பு கொழகொழவென்று ஆகும், கவிச்சியும் அதில்தான் ஒட்டியிருக்கும்.

குழம்பு வைத்த பிறகுதான் மணல் தெரிந்ததா? மீனைத் தனியாக அரித்து எடுங்கள். குழம்பைப் பத்து நிமிடம் அசைக்காமல் வைத்து, அடியில் கால் கரண்டி விட்டு மேலாக இறுத்துக்கொள்ளுங்கள். குழம்பு பிழைக்கும். மீனைச் சாப்பிடுகிறவர் மெதுவாக மெல்லட்டும்.

கசக்கிறது

இங்கேதான் துப்பறிகிற வேலை இருக்கிறது. மீன் போடுவதற்கு முன்பே கசந்ததா, போட்ட பிறகா? நக்கிப் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

முன்பே கசந்தால் வெந்தயம், பூண்டு, தூள், இந்த மூன்றில் ஒன்று கருகியிருக்கிறது. பெரும்பாலும் வெந்தயம். புகைகிற எண்ணெயில் போட்டால் கண் சிமிட்டுவதற்குள் கறுத்துவிடும், அந்தக் கசப்பு எண்ணெய் முழுக்க ஏறிவிடும். எண்ணெய் மிதமாகச் சூடானதும் போட்டு, பொன்னிறம் தாண்டிச் சிவக்கும்போது வெங்காயத்தைக் கொட்டிவிடுங்கள், வெங்காயத்தில் இருக்கிற ஈரம் சூட்டைத் தணித்துவிடும். கறுத்துவிட்டது என்று அந்த இடத்திலேயே தெரிந்தால் எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள். நாலு கரண்டி நல்லெண்ணெயைப் பார்த்துக் கஞ்சத்தனப்பட்டு முழுச் சட்டிக் குழம்பையும் தொலைத்தவன் நான். மிளகாய்த்தூள் போடும்போது அடுப்பு சிம்மில் இருக்க வேண்டும், புளிக்கரைசல் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். தூளைப் போட்டுவிட்டுப் புளியைக் கரைக்க உட்கார்ந்தால் கருகாமல் என்ன செய்யும்?

மீன் போட்ட பிறகு கசந்தால், அதுவும் ஒரு துண்டு கசந்து இன்னொன்று கசக்காமல் இருந்தால், பித்தப்பை உடைந்திருக்கிறது. ஆற்று மீனையும் கண்மாய் மீனையும் வீட்டில் அறுக்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். வயிற்றைக் கீறும்போது கத்தி ஆழமாக இறங்கக் கூடாது, குடலை மொத்தமாகப் பிடித்து இழுக்க வேண்டும். பச்சையாக ஒரு கறை பரவினால் உடனே ஓடுகிற தண்ணீரில் காட்டி, உப்புப் போட்டுத் தேய்த்து, கறை பட்ட சதையைச் சீவி எறிந்துவிடுங்கள். வெந்த பிறகு அந்தக் கசப்பை எடுக்க வழியில்லை, அந்தத் துண்டைத் தூக்கிவிட்டுக் குழம்பில் மிச்சக் கசப்பு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கெண்டை இனப் பித்தப்பை கண்ணுக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது என்று விழுங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் நஞ்சு இருக்கிறது, அப்படி விழுங்கிச் சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் உண்டு.

மதினி கேஸில் கசந்தது வெந்தயம். லேசான கசப்பு என்பதால் அரைமூடித் தேங்காயை அரைத்து ஊற்றி, கொட்டைப்பாக்கு அளவில் பாதி வெல்லம் போடச் சொன்னேன். கசப்பு போகவில்லை, பின்னால் போய் நின்றுகொண்டது. அண்ணன் கண்டுபிடிக்கவில்லை, அது போதும்.

மீன் உடைந்துவிட்டது, அல்லது சக்கையாகிவிட்டது

இரண்டும் ஒரே தப்பின் இரண்டு முகம். ஆட்டுக்கறி பழக்கத்தில் மீனையும் வேகவைக்கிறோம். ஆட்டுச் சதையைக் கட்டி வைத்திருக்கும் இணைப்புத் திசு கரைய ஒரு மணி நேரம் ஆகும், மீனில் அது கொஞ்சம்தான், அதுவும் சீக்கிரம் கரைந்துவிடும். கரைந்ததும் சதை ஏடு ஏடாகக் கழன்றுகொள்ளும், அந்த நேரம் கரண்டியை விட்டுக் கிண்டினால் தூள்தான். ஒரு அங்குலத் துண்டுக்கு எட்டு முதல் பத்து நிமிடம், ஜிலேபிக்கு இன்னும் குறைவு, அயிரைக்கு ஐந்து நிமிடமே தாராளம். தலையை முதலில் போட்டு இரண்டு நிமிடம் கழித்து நடுத்துண்டுகளைப் போடுங்கள். போட்டதும் தளதள கொதியைச் சிம்முக்கு இறக்கிவிட வேண்டும்.

கரண்டியே வேண்டாம். சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் குழம்பு தானே மீன் மேல் ஏறி இறங்கும். மானாமதுரைச் சட்டி மாதிரி கனமான மண்சட்டி என்றால் அடுப்பை அணைத்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் கொதித்துக்கொண்டிருக்கும், அதையும் கணக்கில் சேர்த்து முன்னதாகவே அணைத்துவிடுங்கள். எவர்சில்வரில் பழகியவர்கள் புதுச் சட்டி வாங்கியதும் மீனைக் குழைத்துவிடுவது இதனால்தான்.

பிரீசரில் கல்லாகக் கிடந்த மீனை வெந்நீரில் போட்டு இளக்கியிருந்தாலும் உடையும். முதல் நாள் ராத்திரியே கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுங்கள். சரி, உடைந்துவிட்டது, இப்போது என்ன? துண்டுகளை அரித்தெடுத்து முள் நீக்கி, வெங்காயம் பச்சைமிளகாய் போட்டுப் புட்டாகப் பிரட்டிவிடுங்கள். முதலிலேயே அப்படித்தான் திட்டம் என்று முகத்தை வைத்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

மீன் நன்றாக வெந்திருக்கிறது, ஆனால் உள்ளே சப்பென்று இருக்கிறது என்றால் அது கோளாறே இல்லை, அவசரம். அணைத்த பிறகு ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள்.

நீர்த்துக் கிடக்கிறது, எண்ணெய் மிதக்கவில்லை, பச்சை வாசம் வருகிறது

மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தேதான் வரும்: குழம்பு போதுமான நேரம் கொதிக்கவில்லை. புளியின் பச்சை வாசம் போவதற்கும், நீர் சுண்டுவதற்கும், ஓரத்தில் எண்ணெய் பிரிந்து சிவப்பாக நிற்பதற்கும் ஒரே மருந்து மூடியில்லாமல் கொதிக்கவிடுவது. மீன் போடவில்லை என்றால் இன்னும் பத்து நிமிடம் கொதிக்கட்டும். மீன் போட்ட பிறகுதான் தெரிந்தது என்றால் மீனைத் தட்டையான கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, குழம்பை மட்டும் சுண்டவைத்து, மறுபடி மீனை உள்ளே இறக்குங்கள். இது ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

கெட்டியாக வேண்டும் என்று அரிசி மாவு, சோள மாவு கரைத்து ஊற்றாதீர்கள், குழம்பு சூப் மாதிரி பளபளவென்று ஆகிவிடும். ஒரு கை சின்ன வெங்காயத்தைச் சீரகம், மிளகோடு வதக்கி அரைத்து விட்டால் கெட்டியும் வரும் மணமும் வரும். மிளகாய்த்தூளின் பச்சை வாசம் மட்டும் தனியாக வந்தால் எண்ணெயில் அதைப் பிரட்டாமல் நேரே தண்ணீரில் கொட்டியிருக்கிறீர்கள், ஒரு கரண்டி நல்லெண்ணெய் கூட ஊற்றிக் கொதிக்கவிட்டால் ஓரளவு தேறும்.

புளி, உப்பு, காரம் தூக்கிவிட்டது

புளிக்குத் தேங்காய், மிஞ்சினால் துளி வெல்லம். சீசனில் மாங்காய் போடுகிறவர்கள் புளியைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மாங்காய் வெந்த பிறகு நக்கிப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊற்றுங்கள், மாங்காய் எவ்வளவு புளிக்கும் என்று மரத்துக்கே தெரியாது. காரத்துக்கும் தேங்காய்தான்.

உப்புக்கு உருளைக்கிழங்கு போடச் சொல்வார்கள். கிழங்கு உப்பை மட்டும் தேடிப் பிடித்து உறிஞ்சாது, உப்புத் தண்ணீரை அப்படியே உறிஞ்சும், மிச்சக் குழம்பு அதே உப்போடுதான் இருக்கும். உப்பில்லாத எதையாவது சேர்த்து அளவைக் கூட்டுவதுதான் வழி: நீர்த்த புளித்தண்ணீர், வதக்கிய தக்காளி, தேங்காய். சாதத்திலும் அன்றைக்கு உப்புப் போடாதீர்கள்.

தேங்காய்ப் பால் திரிந்துவிட்டது

புளிப்பும் கொதியும் சேர்ந்து திரிய வைத்தது. ருசிக்கு ஒன்றும் ஆகாது, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. அடுத்த முறை மீன் வெந்த பிறகு சிம்மில் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போது அணைத்துவிடுங்கள். அரைத்த விழுது பாலைவிடத் தாங்கும்.

சாப்பிட்டதும் முகம் சிவந்து அரிக்கிறது

இது சமையல் கோளாறு இல்லை. சூறை, அயலை, மத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் சேரும். எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது, புளி போட்டாலும் போகாது, சில சமயம் மீன் நாறக்கூட நாறாது. நாக்கு சுருக்கென்று குத்தும், காரமே போடாத வறுவலில்கூட மிளகு கடித்த மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். நாக்கில் தட்டுப்பட்டதுமே நிறுத்திவிட வேண்டும். ஒருமுறை மத்தியானம் இரண்டு மணிக்கு, தெருமுனையில் வெறும் சாக்கின் மேல் கிடந்த அயலையை மலிவு என்று அள்ளி வந்து இதை நானே அனுபவித்தேன். பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். மூச்சு இழுத்தாலோ உதடு வீங்கினாலோ வீட்டில் உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், அது மீன் ஒவ்வாமையாகவும் இருக்கலாம்.

அதிலிருந்து கரிமேடு, நெல்பேட்டை மீன் மார்க்கெட்டுக்குக் காலையிலேயே போய்விடுகிறேன், திரும்பும்போது பையில் மீனுக்குச் சமமாக ஐஸ் இருக்கும்.

மறுநாள் கெட்டுவிட்டது

மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது உண்மை, மீனுக்குள் புளியும் உப்பும் நன்றாக இறங்கியிருக்கும். புளிப்பு கெடுக்கிற பாக்டீரியாவைக் கொஞ்சம் தள்ளிப்போடும், ஆனால் சித்திரை வெயிலில் அதற்கும் ஒரு எல்லை உண்டு. தேங்காய் சேர்த்த குழம்பு முதலில் போகும். கை பட்ட கரண்டியை விட்டிருந்தாலும் போகும். ராத்திரி ஒரு கொதி விட்டு, ஆறியதும் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் விட்டு வைக்காதீர்கள், புளிப்பு அலுமினியத்தை அரித்துப் பாத்திரமும் கறுக்கும், குழம்பிலும் உலோக வாடை ஏறும். காலையில் மேலே நுரை கட்டி, அசைத்தால் குமிழி விட்டு, புளிப்புக்கு மேல் ஒரு புளிப்பு வாடை வந்தால் கொதிக்கவைத்துச் சரிபண்ணப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

நன்றாக இருந்தால் மீனைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் கொதிக்கவிட்டு, அந்தச் சூட்டிலேயே மீனை இரண்டு நிமிடம் இறக்குங்கள். மீனோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் நேற்று உடையாமல் காப்பாற்றியதெல்லாம் இன்றைக்கு உடையும். அதற்குள் இட்லி வெந்திருக்கும்.